கார் திரையில் டிவி, வீடியோ: வாசகர் கேள்வி பதில்

கம்பெனியே பொருத்திக் கொடுத்த நேவிகேஷன் திரையில் டிவியும் படமும் பார்க்க வழி கேட்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை அதிகம். பலர் ஏதோ ஒரு பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு எழுதியிருக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். திரையை இயக்கும் உங்கள் யூனிட்டுக்குள் வெளிப்படம் எந்தச் சாக்கெட் வழியாக நுழையும், ஒலி எந்த வழியாக நுழையும் என்ற இரண்டும் தெரிந்த பிறகே கடைக்குப் போங்கள்.

ஜப்பானில் இருந்து இறக்குமதியான 2014 டொயோட்டா அக்குவா வைத்திருக்கிறேன். யூனிட்டில் டிவி பொத்தான் உண்டு. அழுத்தினால் ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி வருகிறது, படம் வரவில்லை. நல்ல அன்டெனா போட்டால் ரூபவாஹினி வருமா? வராவிட்டால் வேறு வழி என்ன?
– யாழ்ப்பாண வாசகர்

வராது. அன்டெனாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஜப்பானில் அனலாக் ஒளிபரப்பு 2011 ஜூலையோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. அங்கே இப்போதுள்ளது ஐஎஸ்டிபி-டி என்ற டிஜிட்டல் முறை. 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 13 துண்டாக்கி, நடுவில் உள்ள ஒன்றைக் கைப்பேசிக்கும் காருக்கும் ஒதுக்குவார்கள். அதைத்தான் ‘ஒன்செக்’ என்கிறார்கள். உங்கள் யூனிட் தேடுவது அதைத்தான். இலங்கையில் வீட்டு அன்டெனாவுக்கு வருவது பால் (PAL) என்ற முறையிலான அனலாக், அதன் அலைவரிசை அகலம் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ். அந்த ட்யூனருக்கு இந்த அலை புரியவே புரியாது. வானொலிக்குப் போடுகிற பேண்ட் எக்ஸ்பாண்டர் போல இதற்கும் ஒன்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்பாண்டர் அலையெண்ணை மட்டும் கீழே இறக்கும், முறையை மாற்றாது.

வேறு வழி உண்டு. டொயோட்டா நேவிகேஷன் யூனிட்டுகள் பலவற்றில் ‘விடிஆர்’ என்ற வெளி உள்ளீடு இருக்கிறது. யூனிட்டின் மேல் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கென்றே விற்கும் விடிஆர் கேபிளை வாங்குங்கள். மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பிளக் இருக்கும், அல்லது 3.5 மில்லிமீட்டர் நான்கு வளைய சாக்கெட் இருக்கும். இணையப் படங்களைத் திரையில் காட்டும் ஃபயர் ஸ்டிக் போன்ற ஒன்றை எச்டிஎம்ஐ–ஏவி கன்வெர்ட்டரில் செருகி, அதன் மூன்று வண்ண வெளியீட்டை இந்தக் கேபிளில் கொடுக்க வேண்டும். ஸ்டிக்குக்கு இணையம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து.

மின்சாரம் எடுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் ஒன்று போதும், ஸ்டிக்குக்கும் ஏவி கன்வெர்ட்டருக்கும் சேர்த்தே தாங்கும். அதை, வண்டியை அணைத்ததும் தானே நிற்கும் ஏசிசி லைனில் 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு இணையுங்கள். சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் நேரடி பேட்டரி லைனில் இணைத்தால் ஸ்டிக் தூங்காது. 12 வோல்ட் பக்கத்தில் 0.2 ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர்-மணி போய்விடும். அக்குவா போன்ற ஹைபிரிட்டில் 12 வோல்ட் பேட்டரி சிறியது. நாலைந்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் கிளம்பத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு வராமல் நிற்பீர்கள்.

இணைத்தபின் படம் மேலும் கீழும் உருண்டுகொண்டே இருந்தால், கன்வெர்ட்டர் பாலில் நிற்கிறது. ஜப்பானிய யூனிட்டுக்கு வேண்டியது என்டிஎஸ்சி, அதாவது நொடிக்கு 60 புலம் (பாதிப் படம்), 525 வரி. பால் 50 புலம், 625 வரி. பெரும்பாலான எச்டிஎம்ஐ–ஏவி கன்வெர்ட்டர்களின் பக்கவாட்டில் இதற்கென்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது, நகத்தால் தள்ளிவிடலாம். படம் நிலையாக நின்று நிறம் மட்டும் இல்லையென்றாலும் இதே குடும்பத்துக் கோளாறுதான். வரி எண்ணிக்கை பொருந்திவிட்டது, நிறத்தைச் சுமக்கும் அலை பொருந்தவில்லை (என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸ், பாலில் 4.43).

படமே இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் ‘பர்ர்’ என்ற இரைச்சல் என்றால் நான்கு வளையப் பிளக்கின் வரிசை மாறியிருக்கிறது. சில கேபிள்களில் வீடியோ கடைசி வளையத்தில் வரும், சிலவற்றில் மூன்றாவதில். வீடியோவும் எர்த்தும் இடம் மாறிய கேபிளை எந்தப் பிளக்கில் செருகினாலும் சரிவராது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒலி வரவேண்டிய வளையத்தில் வீடியோ வந்தால் செலவே இல்லை. மஞ்சளைச் சிவப்பில், சிவப்பை மஞ்சளில் என்று ஆர்சிஏவை மாற்றிச் செருகிப் பாருங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஙொய்ங்’ ஒலி கேட்டால் எர்த் இரண்டு இடத்தில் போயிருக்கிறது. யூனிட் எர்த் எடுக்கும் அதே போல்ட்டில் பக் கன்வெர்ட்டரின் எர்த்தையும் கொடுங்கள். அப்படியும் போகாவிட்டால் சிவப்பு, வெள்ளை லைனில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போட வேண்டும். மஞ்சளில் அதைப் போடாதீர்கள், படம் கெடும்.

இன்னொன்று, இதை மறந்தால் மொத்த யூனிட்டும் போகும். டொயோட்டாவின் சில ஜப்பானிய யூனிட்டுகள் மேப் எஸ்டி கார்ட் இல்லாத நிலையில் பேட்டரி கழன்று மறுபடி இணைந்தால், கார்டைப் போடு என்ற ஒரே திரையில் பூட்டிக்கொள்ளும். வானொலிகூட வராது. கணினியில் சாதாரணமாக நகலெடுத்த கார்டை அவை ஏற்பதில்லை. ஆகவே வேலை தொடங்குமுன் அசல் கார்ட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பேட்டரி முனையைக் கழற்றாமல், ஏசிசியை அணைத்து, அந்த லைனின் ஃபியூஸை மட்டும் எடுத்துவிட்டு வேலை செய்வது நல்லது.

கார் நகர்ந்தவுடன் வீடியோ நின்றுவிடுகிறது. ஹேண்ட்பிரேக் ஒயரை எர்த் செய்து, ஸ்பீட் ஒயரை அறுத்துவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
– திருநெல்வேலி வாசகர்

செய்யாதீர்கள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, ஓட்டுபவர் ஓட்டும்போது வீடியோ பார்க்கக் கூடாது; வழிகாட்டும் காட்சிக்கு மட்டும் விலக்கு உண்டு.

சட்டத்தை விட்டாலும், ஸ்பீட் ஒயரை அறுத்தால் கெடுவது உங்கள் நேவிகேஷன்தான். ஜிபிஎஸ் கிடைக்காத பாலத்தடியிலும் சுரங்கத்திலும் கார் எவ்வளவு நகர்ந்தது என்பதை யூனிட் வேகத் துடிப்பை எண்ணித்தான் கணக்கிடுகிறது. ஜப்பானிய வண்டிகளில் பரவலாக உள்ள நான்கு துடிப்பு முறையில் ஒரு கிலோமீட்டருக்கு 2,548 துடிப்பு. அது வராமல் போனால் அம்பு பக்கத்துத் தெருவில் நிற்கும், திரும்ப வேண்டிய இடம் கடந்த பிறகு ‘வலப்பக்கம் திரும்பவும்’ என்று குரல் வரும். வேகத்துக்கேற்ப ஒலி கூடும் வசதியும் சில கார்களில் இதே ஒயரை நம்பித்தான் இருக்கிறது.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்றும் கடைகளில் நடக்கிறது. வீடியோவை ரிவர்ஸ் கேமரா உள்ளீட்டில் கொடுத்து, ரிவர்ஸ் ஒயரில் 12 வோல்ட்டை நிரந்தரமாக வைத்துவிடுவார்கள். படம் ஓடும். ஆனால் யூனிட் கார் பின்னால் போகிறது என்று நினைத்து அம்பைப் பின்னோக்கி நகர்த்தும், பாட்டின் ஒலியைக் குறைக்கும், உண்மையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் குழந்தை தெரியாது.

பின்சீட்டில் இருப்பவர்கள் பார்க்கத்தான் வேண்டுமென்றால் படத்தை அங்கே கொண்டுபோங்கள். ஸ்டிக்குக்குப் பிறகு ஒன்றுக்கு இரண்டு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போட்டு, ஒரு வெளியீட்டை முன்திரைக்கும் மற்றதை ஹெட்ரெஸ்ட் மானிட்டருக்கும் கொடுத்தால், வண்டி ஓடும்போது முன்திரை தானே அணைந்திருக்கும், பின்னால் படம் தொடரும். ஒலி ஸ்பீக்கரில் வராமல் போனால் பின்சீட்டுக்கு ஹெட்போன் கொடுங்கள். முன்சீட்டுக்காரருக்கும் நிம்மதி.

செகண்ட் ஹேண்டில் 2014 பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் (எஃப்10) வாங்கியிருக்கிறேன், 10.25 அங்குலத் திரை. ‘எல்விடிஎஸ் வீடியோ இன்டர்ஃபேஸ்’ பெட்டி ஒன்று வாங்கிப் பொருத்தினோம். படம் இரண்டாகப் பிளந்து தெரிகிறது. அதோடு காரில் பாட்டுச் சத்தமே போய்விட்டது. பெட்டி கெட்டதா?
– சென்னை வாசகர்

பெட்டி நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி கோளாறு, இரண்டுமே பொருத்தியதில் வந்தவை.

இந்த வகைக் காரில் யூனிட் கீழே ஓரிடத்திலும் திரை மேலே ஓரிடத்திலும் இருக்கும். நடுவில் படத்தைச் சுமந்து போவது எல்விடிஎஸ் கேபிள். பெட்டி அந்த வழியின் நடுவே உட்கார்ந்து, பொத்தானை நீட்டி அழுத்தும்போது காரின் படத்தை மறைத்துத் தன் படத்தைக் காட்டுகிறது. திரையின் அளவு எது என்பதைப் பெட்டியில் வரிசையாக உள்ள டிப் சுவிட்சுகள் என்ற சிறு சுவிட்சுகளில் சொல்ல வேண்டும். உங்கள் 10.25 அங்குலத் திரை 1280×480, 6.5 அங்குலத்துத் திரை 800×480. தவறான எண்ணில் வைத்தால் படம் பிளக்கும், ஒதுங்கும், அல்லது வண்ணக் கோடாகும். கையேட்டில் உங்கள் திரைக்குரிய வரிசையைப் பார்த்து வையுங்கள். மாற்றிய பிறகு பெட்டியின் மின் இணைப்பைக் கழற்றி மறுபடி போட வேண்டும், ஓடும் பெட்டி சுவிட்ச் நிலையைப் படிக்காது. இதைச் செய்யாமல் ‘எல்லா நிலையும் பார்த்துவிட்டோம்’ என்பவர்கள் ஏராளம். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் மட்டும் எல்விடிஎஸ் உள், வெளி கேபிள் இரண்டும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் போனதற்குக் காரணம் ஒளியிழை. யூனிட்டின் முதுகில் இருக்கும் பெரிய குவாட்லாக் பிளக்கில் செப்பு ஒயர்களோடு, மோஸ்ட் என்ற ஒளியிழை வளையத்தின் சிறு பிளக்கும் உட்கார்ந்திருக்கும். பெட்டியோடு வந்த டி-ஹார்னஸில் (இடையே செருகும் ஒயர்க் கட்டு) செப்பு ஒயர் மட்டுமே இருக்கும். காரின் குவாட்லாக்கில் இருந்து அந்தச் சிறு பிளக்கை உருவி, புதிய ஹார்னஸின் குவாட்லாக்கில் செருக வேண்டும். செய்யாவிட்டால் வளையம் அறுந்து ஆம்ப்ளிஃபையருக்கு எதுவும் போகாது. வளையம் என்பதால் ஓரிடத்தில் அறுந்தால் எல்லாமே ஊமை. இழையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்காதீர்கள், முனையை விரலால் தொடாதீர்கள். கழற்றிய முனையில் சிவப்பு ஒளி தெரிந்தால் அந்தப் பக்கத்தில் இருந்து சமிக்ஞை வருகிறது என்று அர்த்தம்.

படத்தின் ஒலி எல்விடிஎஸ் வழியே வராது என்பதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆர்ம்ரெஸ்ட்டில் உள்ள ஆக்ஸ் சாக்கெட்டில் பெட்டியின் ஒலி வெளியீட்டைக் கொடுத்து, காரின் ஐடிரைவ் மெனுவில் ஆக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகே பெட்டியின் படத்துக்கு மாற வேண்டும்.

கடைசியாக, வண்டியைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்து பேட்டரி லைனில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் பெட்டி உறங்கவில்லை. அதன் மின் ஒயர் நிலையான பேட்டரி லைனில் போயிருக்கலாம்.

கார் டிவி ட்யூனர் வாங்கி அன்டெனா கண்ணாடியில் ஒட்டியும் ஒரு சேனல்கூடத் தேடலில் வரவில்லை. டிவிபி-டி என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது.
– கிள்ளான் வாசகர்

பெட்டியில் போட்டிருக்கும் அந்த எழுத்தில்தான் விடை. மலேசியாவில் அனலாக் 2019 அக்டோபரோடு முடிந்தது. அங்குள்ள இலவச டிஜிட்டல் சேவையான மைஃப்ரீவியூவின் ஒளிபரப்பு, டிவிபி-டி என்ற டிஜிட்டல் முறைக்கு அடுத்து வந்த டிவிபி-டி2. டி2 ட்யூனர் பழைய டிவிபி-டியையும் படிக்கும், டிவிபி-டி ட்யூனர் டி2வைப் படிக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டு டி2 வாங்குங்கள். சிங்கப்பூரும் இதே முறைதான், ஆகவே ஜொகூர் வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

வாங்கும்போது குறைந்தது இரண்டு அன்டெனா சாக்கெட் உள்ளதாகப் பாருங்கள், நான்கு இருந்தால் இன்னும் நல்லது. ஒரே அன்டெனாவோடு கட்டடங்களுக்கு இடையே போனால் படம் சதுரம் சதுரமாக உடையும். அன்டெனா ஆம்ப்ளிஃபையர் உள்ளதென்றால் ட்யூனர் மெனுவில் அன்டெனா மின்சாரத்தை (5 வோல்ட்) இயக்க வேண்டும். உலோகப் பூச்சு உள்ள டின்ட் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு உள்பக்கம் அன்டெனா ஒட்டினால் பயனில்லை. டாஷ்கேமின் மலிவான யூஎஸ்பி சார்ஜரைக் கழற்றினால் சேனல் கூடுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், அந்த இரைச்சல் ட்யூனரை மூழ்கடிப்பது அடிக்கடி நடக்கிறது. எவ்வளவு செய்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் தடங்கல் இருக்கும். அந்த ஒளிபரப்பு வீட்டுக் கூரை அன்டெனாவை மனதில் வைத்து அமைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் காருக்கு டிவி ட்யூனர் வாங்கலாமா?
– செங்கல்பட்டு வாசகர்

வேண்டாம். தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022 மார்ச்சுக்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. சன், விஜய் எல்லாம் எப்போதும் கேபிளிலும் டிஷ்ஷிலும்தான். ஓடும் காரில் டிஷ் நிற்காது. செயலி வழியே பார்ப்பதுதான் வழி.

என் பழைய பிஎம்டபிள்யூ இ39இல் கம்பெனி டிவி ட்யூனரே உண்டு. படம் வருவதில்லை, வெறும் புள்ளிகள்தான். பழுது பார்க்கலாமா?
– லண்டன் வாசகர்

பழுதே இல்லை. பிரிட்டனில் அனலாக் 2012இல் நின்றுபோனது, அந்த ட்யூனர் அனலாக் மட்டும். இலவச டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் தனி ஃப்ரீவியூ பெட்டி ஒன்றை அதன் வீடியோ மாட்யூலின் ஏவி உள்ளீட்டில் கொடுக்கலாம். பெட்டி பால் வெளியீட்டில் இருக்கட்டும், ஐரோப்பிய மாட்யூல் அதைத்தான் எதிர்பார்க்கும். ஓடும்போது முன்திரையில் படம் அணைவதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு வாகன விதிகளின் 109ஆம் விதி, ஓட்டுபவர் கண்ணில் படும்படி டிவி ஓடுவதைத் தடுக்கிறது.

ஐபோனைக் கார் திரையோடு இணைக்கும் கார்ப்ளே சாக்கெட்டில் செருகும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினேன். யூடியூப் நன்றாக ஓடுகிறது, பத்து நிமிடத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகிறது. நெட்ஃப்ளிக்ஸ் படமும் மங்கலாக இருக்கிறது.
– கோயம்புத்தூர் வாசகர்

முதலாவது மின்சாரக் குறை. காரின் யூஎஸ்பி சாக்கெட் தகவலுக்காக வைத்தது, பல கார்களில் அதில் 0.5 முதல் 1 ஆம்பியர்தான் கிடைக்கும். பாக்ஸ் படம் ஓட்டும்போது அதற்கு மேல் கேட்கிறது. ஒய் வடிவ யூஎஸ்பி கேபிள் வாங்கி, ஒரு காலைக் கார்ப்ளே சாக்கெட்டிலும் மற்றதை 12 வோல்ட் சாக்கெட்டில் போட்ட 5 வோல்ட் 2.4 ஆம்பியர் சார்ஜரிலும் செருகுங்கள். அதன் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் சூடு. மூடிய கிளவ் பாக்ஸில் இருந்து எடுத்து, ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் மங்கலுக்கு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. பாக்ஸுக்கு, படத்தை நகலெடுக்க விடாமல் காக்கும் வைட்வைன் முறையின் எல்1 சான்று இல்லையென்றால் எச்டி கொடுக்க மாட்டார்கள். எல்3 என்றால் 480 வரியோடு சரி. அடுத்த முறை வாங்குமுன் இதைக் கேளுங்கள். சிம் டேட்டாவையும் கவனியுங்கள்: எச்டியில் ஒரு மணி நேரப் படம் 3 ஜிபி வரை தின்னும்.

பென் டிரைவில் போட்ட படங்களில் சில ஓடுகின்றன, சிலவற்றில் படம் மட்டும் வருகிறது, சத்தமில்லை. சில ‘சப்போர்ட் இல்லை’ என்கின்றன. காரின் யூனிட் யூஎஸ்பி வீடியோவை ஏற்கும் என்று கையேட்டில் உள்ளது.
– மதுரை வாசகர்

சத்தமில்லாதவற்றில் ஒலி ஏசி3 அல்லது டிடிஎஸ் வகையில் இருக்கும். ‘சப்போர்ட் இல்லை’ என்பவை பெரும்பாலும் எச்265 என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்கும். இரண்டையும் ஒரே வேலையில் சரிசெய்யலாம். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு (காரின் ஹேண்ட்பிரேக்கைப் போலவே, இதைப் போட்டால்தான் படம் ஓடும்) எம்பி4 கோப்பு, எச்264 வீடியோ, மெயின் புரொஃபைல், லெவல் 3.1, அகலம் 800, நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மிகாமல், ஒலி ஏஏசி ஸ்டீரியோ 160 கிலோபிட் என்று மாற்றுங்கள். இரண்டரை மணி நேரப் படம் ஏறத்தாழ ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும். முழு எச்டியில் வைத்துக்கொள்வதில் லாபமில்லை, திரையே 800×480தான் என்றால் மீதிப் புள்ளிகளை யூனிட் தூக்கி எறியும்.

தமிழ் சப்டைட்டில் வேண்டுமென்றால் தனிக் கோப்பாக வைக்காமல் படத்திலேயே பதித்துவிடுங்கள், மென்பொருளில் ‘பர்ன் இன்’ என்று இருக்கும். பல யூனிட்டுகளில் தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாகத் தெரியும். கோப்பின் பெயரையும் இதே காரணத்துக்காக ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 64 ஜிபி டிரைவ் கடையில் இருந்து வரும்போது எக்ஸ்ஃபேட்டில் இருக்கும், விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியோ ஃபேட்32க்கு 32 ஜிபி வரைதான் இடம் கொடுத்து வந்தது. அதனால் 32 ஜிபி டிரைவே வாங்கிக்கொள்வது எளிது. படங்களை ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்காமல் ஒரே மட்டத்தில் வையுங்கள், யூனிட் தேடி எடுக்கும் நேரம் குறையும்.